பல்லைப் பார்த்து வயது சொன்ன தனகோட்டி டீச்சர்

செய்தியைச் சொன்னவர் ஒரு பஸ் கண்டக்டர். பள்ளிக்குப் போவதற்காகக் காலையில் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஓரிக்கைப் பக்கமிருந்து வரும் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் டிக்கெட் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "சார், உங்க கூட வேலை பார்த்தாங்களே தனகோட்டி டீச்சர், அவங்க விடிகாலையில போயிட்டாங்க. வரச் சொல்லோ பார்த்தேன், பந்தல் போட்டுக்கினு இருக்காங்க" என்றார். படியில் தொங்கும் பையன்களை உள்ளே ஏற்றவில்லை என்று வருஷக்கணக்காக அந்த அம்மாளிடம் திட்டு வாங்கியவர் அவர். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். நான் பள்ளிக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு அதே வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

இறந்துபோனவர்களையெல்லாம் தங்கம் என்று சொல்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. பிள்ளையார்பாளையம் பள்ளியில் அவரோடு வேலை பார்த்த நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், தங்கம் என்று நான் எழுதினால் சிரித்துவிடுவீர்கள். மூக்குக்கு மேல் கோபம் அவருக்கு. ஓரிக்கையில் மாடு கட்டி ஏர் ஓட்டும் குடும்பத்தில் பிறந்து, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டு, மூன்று பிள்ளைகளைப் பெற்று, அந்தக் குரலோடு வகுப்புக்கு வந்தவர். பாலாற்றுக்கு அக்கரையில் நிற்கும் எருமையை இக்கரையிலிருந்து திருப்பிவிடக்கூடிய குரல் அது. ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் அவர் சேர்த்துப் பார்த்தார், நான் மூன்றாம் வகுப்பு. நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். அவர் அந்தப் பக்கம் அதட்டினால் இந்தப் பக்கம் என் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார்கள். அவருக்குப் புகழ்மாலை எழுத எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

அரிசிக்கு ஊரே அல்லாடிய வருஷங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அறுபதுகளின் நடுப்பகுதி. தறிக்காரர் வீடுகளில் காலையில் கூழ் இருந்தால் மத்தியானம் அடுப்பு எரியாது. பள்ளியில் மத்தியானம் போட்ட கோதுமை ரவைக் கஞ்சிதான் பாதிப் பிள்ளைகளுக்கு அன்றைய சாப்பாடு. அதிலும் பாதியைத் தின்றுவிட்டு மீதியை அலுமினியத் தட்டில் மூடி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். வீட்டில் தம்பி இருப்பான், தங்கை இருப்பாள். தனகோட்டி டீச்சர் கையில் குச்சியோடு வாசலில் நிற்பார். ஒரு பருக்கை வெளியே போகக் கூடாது. ஒரு நாள் இரண்டாம் வகுப்புப் பச்சையம்மாள் பாவாடை மடிப்பில் கஞ்சிக் கட்டியை ஒளித்து எடுத்துக்கொண்டு போனாள். அவளைப் பிடித்து உட்காரவைத்து, அவள் அழ அழ, அத்தனையையும் தின்னவைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்நெஞ்சுக்காரி என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

"எடுத்துக்கினு போனா அஞ்சு வாயில பூந்து ஒருத்தர் உடம்புலயும் ஒட்டாது சார். ஒரு வயிறாவது ரொம்பட்டும்" என்றார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பச்சையம்மாளைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். வகுப்பிலேயே குட்டையானவள். முன் வரிசையில் முதல் ஆள். பள்ளிக் கணக்குப்படி ஏழு வயது. கணக்குப் போடுவதில் கெட்டிக்காரி, ஆனால் வெயில் ஏறினால் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவாள். அவளுடைய அப்பா சுப்பராயன் பட்டுத் தறி நெய்பவர். நம் ஊர்க் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக் கொடுத்தால்தான் தறி ஓடும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். பச்சையம்மாள் பள்ளிக்கு வருமுன் தறியில் உட்காருவாள், பள்ளி விட்டுப் போனதும் மறுபடி தறியில் உட்காருவாள். நடுவில் கிடைத்த பள்ளி நேரம்தான் அவளுக்கு ஓய்வு, கஞ்சி எல்லாம்.

பிள்ளைகளை நாம் எப்படிச் சேர்த்தோம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஜூன் மாதம் தகப்பன் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். பிறந்த தேதி கேட்டால் முழிப்பார். தலைக்கு மேலாக வலது கையை வளைத்து இடது காதைத் தொடச் சொல்வோம். கை எட்டினால் ஐந்து வயது முடிந்தது என்று அர்த்தம், உட்கார் என்போம். எட்டவில்லை என்றால் அடுத்த வருஷம் வா என்போம். அடுத்த வருஷமும் எட்டாத பிள்ளைகள் உண்டு. அவர்களை அதற்கடுத்த வருஷம் வரச் சொல்வோம். கை என்றைக்குக் காதைத் தொட்டதோ அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயது. தேதி கேட்டால் ஜூன் மாதத்தில் ஏதோ ஒன்றைப் போட்டுவிடுவோம். நம் பள்ளியில் முக்கால்வாசிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள் என்று நான் கேலி செய்வேன், எல்லோரும் சிரிப்பார்கள். தனகோட்டி டீச்சரும் சிரித்திருக்கிறார்.

ஒரு வருஷம் சென்னையிலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்தார். உயரம் அளக்க ஒரு மரச்சட்டமும் எடை போட ஒரு தராசும் கொண்டுவந்தார். காஞ்சிபுரத்தில் சில பள்ளிகளை அளந்து பார்ப்பார்கள், எந்தப் பள்ளியில் பிள்ளைகள் வயதுக்கு மிகவும் குறைவாக வளர்ந்திருக்கிறார்களோ அந்தப் பள்ளிக்குக் கஞ்சியோடு பாலும் வேர்க்கடலை உருண்டையும் கூடுதலாகக் கொடுப்பார்கள் என்று சொன்னார்கள். நம் பிள்ளைகளைச் சட்டத்தில் நிற்கவைத்து அளந்தார்கள். பள்ளிக் கணக்கிலிருந்து வயதை நான்தான் வாசித்தேன்.

முடிவு வந்தபோது தலைமையாசிரியர் தலைகால் புரியாத மகிழ்ச்சியில் இருந்தார். நம் பிள்ளைகள் வயதுக்கு ஏற்ற வளர்த்தியோடு இருக்கிறார்களாம். ஏதோ நாம் ஊட்டி வளர்த்த மாதிரி எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பாலும் உருண்டையும் கோயில் மாட வீதிப் பக்கத்துப் பள்ளிக்குப் போயின. அங்கே படித்த பிள்ளைகளும் ஒன்றும் கொழுத்தவர்கள் அல்ல, கோயில் கொடுக்கும் சொற்பச் சம்பளத்தில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் நம் பிள்ளைகளைவிட ஒரு பிடி சதை அதிகம். அவர்கள் குறைவாக வளர்ந்தவர்கள், நம்முடையவர்கள் சரியாக வளர்ந்தவர்கள் என்றால் எங்கேயோ இடிக்கிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தறிக்காரத் தெருவில் பெரியவர்களே சிறுகூடாகத்தான் இருப்பார்கள். பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறு ஆள் இல்லை.

அந்த மழைக்காலத்தில் பச்சையம்மாளுக்குப் பல்வலி வந்தது. கன்னம் வீங்கி, மேஜை மேல் தலையைச் சாய்த்து முனகிக்கொண்டிருந்தாள். சொத்தையில் கிராம்பு வைக்கலாம் என்று தனகோட்டி டீச்சர் அவளை முற்றத்து வெளிச்சத்துக்கு அழைத்துப் போய் வாயைத் திறக்கச் சொன்னார். திறந்த வாயைப் பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார். பிறகு தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டார். நான் போனேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, வாய் நிறையப் பல் இருந்தது, அவ்வளவுதான்.

"பால்பல் ஒண்ணுகூட இல்லை சார். கடைவாய்ல பின்னாடி ரெண்டாவது பெரிய பல்லு மொளைச்சிக்கினு வருது. என் ரெண்டாவது பையனுக்கு இது வரச் சொல்லோ அவனுக்குப் பதினொண்ணு முடிஞ்சிருந்தது. இவளுக்கு ஏழுன்னு எழுதி வச்சிருக்கோம்" என்றார்.

பல் முன்னே பின்னே முளைப்பது உண்டுதானே என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மாடு புடிக்கப் போனா வயசுக்கு ஒசரத்தையா பாக்குறோம்? வாயைப் பொளந்து பல்லைத்தானே பாக்குறோம். தீனி இல்லாத கன்னு குட்டையா நிக்கும், பல்லு நிக்காது" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் பாடம் நடக்கவில்லை. இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவர் வாயையும் பார்த்தார். நான் தாடையைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பிக் காட்டினேன். பிள்ளைகளுக்கு அது பெரிய விளையாட்டு, பல்லைக் காட்டிக்காட்டிச் சிரித்தார்கள். பார்க்கப் பார்க்க அவர் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. ஆறு வயது என்று எழுதிய பையனுக்கு எட்டு வயதுப் பல். ஏழு வயதுக்காரிக்கு ஒன்பது வயதுப் பல். எழுதிய வயதும் பல்லும் ஒத்துப்போன பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். வளராத பிள்ளைகளை நாம்தான் வளரும்வரை வாசலில் நிறுத்தி, வளர்ந்த அன்றைக்கு ஐந்து வயது என்று எழுதியிருந்தோம். பிறகு அந்த வயதை வைத்து அளந்தால் எல்லோரும் சரியாகத்தான் இருப்பார்கள். அந்த வயதை டாக்டருக்கு வாசித்துக் கொடுத்தவன் நான்தான்.

தலைமையாசிரியர் கெட்டவர் அல்ல, பயந்தவர். பல்லைப் பார்த்து வயதை மாற்றினேன் என்று இன்ஸ்பெக்டரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டார். பெற்றவர்கள் வாயால் சொன்னால் மாற்றலாம் என்றார். எனக்கும் இது வேண்டாத வேலை என்றுதான் பட்டது. கஞ்சியாவது ஒழுங்காக வருகிறது, கிளறினால் எது எதிலே போய் முடியுமோ என்றேன். தனகோட்டி டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"பொய் வயசுல இந்தப் புள்ளைங்க நல்லா வளர்ந்துக்கினு இருக்குது சார். நெஜ வயசுலதான் பட்டினி கெடக்குது."

அன்று மாலையே பெற்றவர்களைக் கேட்கக் கிளம்பினார். துணைக்கு நான் போனேன். முதலில் போனது பச்சையம்மாள் வீட்டுக்கு. ஒரே அறை. பாதி இடத்தைத் தறி அடைத்திருந்தது. சுப்பராயன் குழியில் கால் வைத்து நெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் பச்சையம்மாள் வீங்கிய கன்னத்தோடு நாடா தள்ளிக்கொண்டிருந்தாள். அம்மா முனியம்மாள் ராட்டினத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். டீச்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பல் விஷயத்தைச் சொல்லி, இவள் எப்போது பிறந்தாள் என்று கேட்டார்.

தேதி எங்கே தெரியும்? முனியம்மாள் செத்துப்போன பிள்ளைகளை வைத்துக் கணக்குச் சொன்னாள். "மூத்தவன் வாந்திபேதியில போனானே, அதுக்கு அடுத்த வருஷம் இவ. இவளுக்கு அப்புறம் ஒண்ணு பொறந்து மூணு மாசத்துல போயிடுச்சி. சீனாக்காரன் சண்டை வரச் சொல்லோ இவ கடைக்குப் போயி உப்பு வாங்கினு வந்துக்கினு இருந்தா டீச்சரம்மா" என்றாள். பள்ளிக் கணக்குப்படி சீனச் சண்டையின்போது பச்சையம்மாளுக்கு இரண்டு வயது. இரண்டு வயதுக் குழந்தையை யார் கடைக்கு அனுப்புவார்கள்? முனியம்மாளின் விரல்கள் மடங்கி மடங்கிப் பதினொன்றுவரை எண்ணிக்கொண்டு வந்தன. ராட்டினம் நின்றது. தறியில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள். "அவ்ளோ வயசா ஆவுது இவளுக்கு?" என்றாள்.

பெற்றவளுக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். சட்டை சிறுத்தால், பாவாடை கணுக்காலை விட்டு மேலே ஏறினால், பிள்ளைக்கு வயது ஏறுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். பச்சையம்மாள் மூன்று வருஷமாக ஒரே பாவாடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். நல்ல துணி, உழைக்கிறது என்று முனியம்மாள் நினைத்திருந்தாள்.

தறியும் நின்றுவிட்டது. அதை நாங்கள் இருவரும் கவனிக்கத் தவறிவிட்டோம். சுப்பராயன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாகத்தான் பேசினார். "பதினோரு வயசுப் பொண்ணுக்கு ரெண்டாங்கிளாஸ்ல இன்னா வேலை டீச்சரம்மா? இன்னும் ரெண்டு வருஷத்துல வயசுக்கு வந்து குந்திடும். இத்தினி நாளு சின்னதுன்னுதானே அனுப்பினேன்" என்றார். டீச்சர் பதறிப்போய், பல் ஒரு குத்துமதிப்புதான், ஒன்பதாகக்கூட இருக்கலாம் என்று பின்வாங்கிப் பார்த்தார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது. மறுநாள் முன் வரிசையில் முதல் இடம் காலியாக இருந்தது.

சுப்பராயனையும் கொடுமைக்காரர் என்று நான் எழுத மாட்டேன். கூட உட்கார்ந்து நெய்த தம்பி தனியே போய்விட்டார், முகூர்த்த மாதம் வந்துகொண்டிருந்தது, தறியில் சேலை பாதியில் நின்றது. அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் வீட்டிலேயே இருப்பதை நாங்கள் போய்ச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மற்ற வீடுகளுக்குப் போனபோது டீச்சர், தகப்பன் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனார். குழாயடியிலும் சாயப் பட்டறை வாசலிலும் தாய்மார்களை நிறுத்திவைத்துக் கேட்டார். கேட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டு, அந்த டாக்டர் மாட வீதிப் பள்ளிக்கு மறுபடி வந்த நாளில், சில பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் நின்றார். டாக்டர் சின்ன வயதுப் பெண். ஒரு பையனின் வாயைப் பார்த்தார், அடுத்தவன் வாயைப் பார்த்தார், பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "வயசு சரியான்னு நான் கேட்டிருக்கணும்" என்று அவரே சொன்னார். திருத்திய வயதோடு திரும்ப அளந்தார்கள். நம் பள்ளி எல்லாப் பள்ளிகளையும்விடக் கீழே போய்விட்டது.

கோடை விடுமுறை முடிந்து பாலும் உருண்டையும் வந்தன. பெரிய அண்டாவில் பால் பவுடரைக் கரைத்துக் காய்ச்சி, தனகோட்டி டீச்சரே நின்று ஊற்றினார். பிள்ளைகள் மேல் உதட்டில் வெள்ளையாக ஒட்டிக்கொண்ட பாலோடு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எல்லோரும் குடித்த பிறகு ஒரு தூக்கில் கொஞ்சம் பாலை ஊற்றி, தாளில் உருண்டைகளைச் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் மூடிய தூக்கோடு அப்படியே திரும்பி வந்தார். நாங்கள் இன்னும் கையேந்தும் நிலைக்கு வரவில்லை என்று சுப்பராயன் சொல்லிவிட்டாராம்.

அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்தேன். அழுகை என்றால் சத்தமெல்லாம் இல்லை. தூக்கைக் கழுவிக்கொண்டே, "கேட்ட விஷயம் தப்பில்ல சார். கேட்ட எடம் தப்பு. அந்தாளு காதுல வுழுற மாதிரி கேட்டுட்டேன்" என்றார். உங்கள் ஒருவரால் நூறு பிள்ளைகள் பால் குடிக்கிறார்களே என்று நான் ஆறுதல் சொல்லப் போனேன். "அந்த நூறுக்கும் வெலை அவ ஒருத்தி குடுத்திருக்கா" என்றார்.

விட்டுவிடுகிற ஆள் இல்லை அவர். பிச்சை என்றால்தானே சுப்பராயனுக்குக் கோபம்? அறுவடை முடிந்து வீட்டு விளைச்சலைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? ஓரிக்கை நிலத்துக் கேழ்வரகும் வேர்க்கடலையும் முனியம்மாள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தன. கொடுத்துவிட்டு, நின்று, பச்சையம்மாள் ஒரு கை கடலையை மெல்வதைப் பார்த்துவிட்டுத்தான் வருவார். அவள் மூன்றாம் வகுப்புப் பாடத்தைத் தறியில் உட்கார்ந்தபடியே அவரிடம் ஒப்பித்தாள் என்று முனியம்மாள் பின்னால் சொல்லியிருக்கிறாள். வருஷங்கள் போயின. பச்சையம்மாளுக்கு உடம்பு கொஞ்சம் தேறியது. உயரம் மட்டும் ஏறவில்லை. "கதிர் வர்ற நேரத்துல காய்ஞ்சி போன பயிருக்கு அப்புறம் எத்தினி தண்ணி கட்டி இன்னா ஆவப் போவுது சார்" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். பாலும் உருண்டையும்கூட இரண்டு வருஷத்தில் நின்றுவிட்டன. ஏன் நின்றது என்று கேட்டுக் கேட்டு அவர் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை, ஒழுங்கான பதில் சொன்னவரும் இல்லை. அந்தக் கோபம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. எனக்கும் ஆறவில்லை.

பச்சையம்மாளைப் பெண் பார்க்க வந்தவர்கள் உண்டு. வந்தவர்கள், "இவ தங்கச்சிதானேம்மா, அக்காளைக் கூப்பிடுங்க" என்பார்களாம். அவள்தான் பெண் என்று தெரிந்ததும் காப்பி ஆறுவதற்குள் எழுந்துவிடுவார்களாம். இதைத் தனகோட்டி டீச்சர் என்னிடம் சொன்னபோது அவரே மஞ்சள் காமாலை கண்டு படுத்திருந்தார். நான் பார்க்கப் போயிருந்தேன். வைத்தியம் பற்றிப் பேசினால் காதில் வாங்கவில்லை. சேர்க்கையின்போது இன்னும் காதைத்தான் தொடச் சொல்கிறீர்களா என்று கேட்டார். மாற்றலாகிப் போன என் புதுப் பள்ளியில் நான் பல்லைப் பார்க்கிறேன் என்றேன். நம்பாதவர் மாதிரி என்னைப் பார்த்தார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

ஓரிக்கையில் நான் போய் இறங்கியபோது பந்தல் போட்டு முடித்திருந்தார்கள். நம் பழைய ஆசிரியர்களில் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். கூடத்தில் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். இளைத்துப் போயிருந்தார். அந்தக் கோபக்கார முகம் மட்டும் அப்படியே இருந்தது, யாரையோ அதட்டப் போகிறவர் போல. எடுக்கும் நேரம் நெருங்கியதும் பெண்கள் ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட வந்தார்கள். அந்த வரிசையில் முனியம்மாளும் அவளுக்குப் பின்னால் பச்சையம்மாளும் நின்றிருந்தார்கள். பச்சையம்மாள் புடவை கட்டியிருந்தாள், கொசுவம் பாதி நீளத்துக்குச் சுருட்டிச் செருகியிருந்தது. அம்மாவின் தோளுக்கும் எட்டவில்லை. அம்மாவே உயரமில்லை.

முனியம்மாள் போட்டுவிட்டு நகர்ந்தாள். பச்சையம்மாள் தட்டிலிருந்து அரிசியை அள்ளிக்கொண்டு முன்னே வந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த உறவுக்காரப் பெரியம்மா ஒருத்தி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். பொல்லாத்தனமாக இல்லை, பிரியமாகத்தான். "நீ தள்ளும்மா. சின்னப் புள்ளைங்க வாய்க்கரிசி போடக் கூடாது" என்றாள். சாவு வீட்டில் குழந்தைகளைப் பிணத்தண்டை விடக் கூடாது என்பது எல்லோரும் சொல்வதுதான்.

பச்சையம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சத்தமும் போடவில்லை. வகுப்பில் எழுந்து பதில் சொல்வது போல நேராக நின்று சொன்னாள்.

"எனக்கு இருபத்திரெண்டு வயசு ஆவுது. டீச்சருக்குத் தெரியும்."

பெரியம்மா கையை விட்டாள். பச்சையம்மாள் கட்டிலின் விளிம்பில் ஒரு கையை ஊன்றி, எட்டி, டீச்சரின் வாயில் அரிசியைப் போட்டாள். சிந்திய பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவற்றையும் போட்டாள். அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை.

தனகோட்டி டீச்சரிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று இதை எழுத உட்காருமுன் யோசித்துப் பார்த்தேன். அவருடைய குரல் எனக்கு வராது. அவருடைய பிடிவாதமும் வராது. என்னிடம் இருப்பது ஒன்றுதான். என் பள்ளியில் புதிதாக வந்து நிற்கும் பிள்ளையைப் பார்த்து, சின்னப் பிள்ளை என்று சொல்ல இப்போது எனக்கு வாய் வருவதில்லை. என்றைக்குக் கடைசியாக வயிறு நிறையச் சாப்பிட்டாய் என்று கேட்கிறேன். பாதிப் பிள்ளைகள் கூட்டி வந்தவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.